பிளஸ் டூ முடித்துவிட்டு அக்னிவீர் போனால் டிகிரி நிஜமாகவே கிடைக்குமா?

குலசேகரத்துக்காரன்

அண்ணன்மாரே அக்காமாரே, நீளமாக எழுதுவதற்கு மன்னியுங்கள், நாலு வருஷத்துக்கு மட்டும் ராணுவத்தில் எடுக்கிற அக்னிவீர் வேலைக்குப் போவதா, கல்லூரிக்குப் போவதா என்று ஒரு வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த வருஷம் பிளஸ் டூ காமர்ஸ் முடித்தேன், 600க்கு 438. பத்தாம் வகுப்பில் 500க்கு 341. வயது 17 முடிந்து ஏழு மாதம், உயரம் 169. அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. மழை பிடித்துவிட்டால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லையென்றால் கூலி கிடையாது, ஜூன் ஜூலையில் எங்கள் வீடு எப்படி ஓடும் என்பது மலையோரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தங்கை பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். எனக்கு நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.காம் சீட் கிடைத்திருக்கிறது, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்ட வேண்டும்.

என் மாமா, அம்மாவின் அண்ணன், சொல்கிறார்: "எதுக்குலே காலேஜுக்குப் போய் மூணு வருஷத்தைக் களையணும், பட்டாளத்துக்குப் போ, சம்பளமும் வரும், டிகிரியும் அவங்களே தந்திடுவாங்க." கூடப் படித்தவன் சொல்கிறான், நாலு வருஷத்தில் கையில் ஒரு சர்டிஃபிகேட்டைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், 23 வயதில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று. இரண்டு பேருமே அடித்துச் சொல்கிறார்கள். அந்த டிகிரி என்ன டிகிரி? தானாக வருமா, நாம் படிக்க வேண்டுமா? வெளியே வந்தால் அதற்கு மதிப்பு இருக்கிறதா? ஹிந்தி எனக்கு ஒரு எழுத்து தெரியாது, அது வேறு பயம். ஃபீஸ் கட்டவா வேண்டாமா?

தக்கலை ஹவில்தார்

மக்களே, நான் 1996ல் சேர்ந்து 24 வருஷம் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் இருந்துவிட்டு 2020ல் வந்தவன். உன் மாமா பேசுவது என் காலத்துக் கணக்கு. அதில் தப்பில்லை, ஆனால் அது உனக்குப் பொருந்தாது.

எங்களுக்கு 15 வருஷம் முடித்தால் பென்ஷன். குறைந்த விலையில் சாமான் வாங்க ராணுவக் கேண்டீன் கார்டு, ஆஸ்பத்திரி எல்லாம் கூடவே வரும். நான் பத்தாம் வகுப்போடு போனவன், 15 வருஷ சர்வீஸ் ஆனதால் மத்திய அரசின் குரூப் சி வேலைக்கு டிகிரிக்குச் சமம் என்று ஒரு சான்றிதழும் தந்தார்கள். "அவங்களே டிகிரி தந்திடுவாங்க" என்று மாமா சொல்வது அநேகமாக இதைத்தான். பிள்ளைகள் படிப்புக்கும் உண்டு. என் மகள் பி.எஸ்சி நர்சிங் படித்தபோது பிரதமர் கல்வி உதவித்தொகை என்று மாதம் 3,000 கணக்கில் வருஷத்துக்கு 36,000 அவள் அக்கவுண்டில் விழுந்தது, பையனாக இருந்தால் 2,500. பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், பேப்பர் எல்லாம் நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சரிபார்ப்பார்கள். விஷயம் தெரியாமல் விட்ட பழைய பட்டாளத்துக்காரர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர், அதைச் சொன்னால் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

2022 ஜூனில் அக்னிபத், அதாவது நாலு வருஷத்துக்கு அக்னிவீராக எடுக்கிற திட்டம், வந்த பிறகு இதெல்லாம் மாறிவிட்டது. நாலு வருஷம் முடித்து வருகிறவருக்கு முன்னாள் படைவீரர் என்ற பெயரே கிடையாது. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, கேண்டீன் இல்லை. நூற்றில் 25 பேர் வரைக்கும் நிரந்தரமாக எடுப்பார்கள், அவர்களுக்கு அதற்கப்புறம் 15 வருஷம் புதிதாகத் தொடங்கும். ஆகவே உன் கூட்டுக்காரன் சொல்வதும் பொய்யில்லை.

ஹிந்தியை நினைத்துப் பயப்படாதே. எனக்கு இமசாகர் எக்ஸ்பிரஸில் ஜம்முவுக்குப் போகும் வரைக்கும் "பானி" தவிர ஒன்றும் தெரியாது. மூன்று ராத்திரி ரயிலில் போனேன், எதிர் சீட்டில் ஒரு பஞ்சாபிக்காரர், அவர்தான் முதல் வாத்தியார். மூன்று மாதத்தில் திட்டு வாங்கியே கற்றுக்கொள்வாய்.

நம்ம மாவட்டத்துக்குப் பட்டாளம் புதிதல்ல. 1741ல் குளச்சலில் டச்சுக்காரனைத் தோற்கடித்த திருவிதாங்கூர் படையின் வாரிசு இன்றைக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்குள் ஒன்பதாவது பட்டாலியனாக இருக்கிறது. இதைச் சொன்னால் என் மகள் "அப்பா ஆரம்பிச்சாச்சு" என்பாள், நிறுத்திக்கொள்கிறேன்.

மார்த்தாண்டம் 2023

தம்பி, நான் இப்போது உள்ளே இருப்பவன், 2023ல் சேர்ந்த அக்னிவீர், ஜெனரல் டூட்டி, அதாவது பொதுவான சிப்பாய் வேலை. லீவில் வந்திருக்கிறேன். யூனிட், இடம் எதுவும் எழுத மாட்டேன், யாரும் கேட்க வேண்டாம்.

முதலில் காசு. முதல் வருஷம் சம்பளம் 30,000, கையில் 21,000. மீதி 9,000 நிதியில் போகும். இரண்டாம் வருஷம் 33,000, கையில் 23,100. மூன்றாவது 36,500, கையில் 25,550. நாலாவது 40,000, கையில் 28,000. நம்மிடம் பிடிப்பது நாலு வருஷத்தில் 5.02 லட்சம், அதே அளவு அரசு போடும், வட்டியோடு வெளியே வரும்போது சுமார் 11.71 லட்சம், அதற்கு வரி கிடையாது. இதுதான் சேவா நிதி. கையில் வாங்குவதையும் கூட்டிப் பார், நாலு வருஷத்துக்குச் சுமார் 11.72 லட்சம்தான். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகை, தற்செயல்தான், ஆனால் ஞாபகம் வைக்க எளிது. சாப்பாடு, தங்குமிடம், உடுப்பு செலவு இல்லை. நான் மாதம் 15,000 வீட்டுக்கு அனுப்புகிறேன்.

ஒன்று கவனி. நிரந்தரமாக எடுத்துவிட்டால் அந்த அரசுப் பங்கு கிடையாது, நாம் போட்டது வட்டியோடு வரும், அவ்வளவுதான். "நிரந்தரமும் ஆகணும், 11 லட்சமும் வரணும்" என்று கணக்குப் போட்டு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய ஆட்களை எனக்குத் தெரியும். நடுவில் பிடிக்கவில்லை என்று கிளம்பவும் முடியாது, அபூர்வமாக விட்டாலும் உன் பங்கு மட்டும்தான் கையில் வரும்.

இப்போது டிகிரி. இருக்கிறது, பொய்யில்லை. இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தருகிற மூன்று வருஷப் பட்டம், பி.ஏ அப்ளைடு ஸ்கில்ஸ். பி.காம் உண்டு, பி.எஸ்சி உண்டு, டூரிசம் உண்டு, எல்லாவற்றிலும் அந்த அப்ளைடு ஸ்கில்ஸ் ஒட்டியிருக்கும். மொத்தம் 120 கிரெடிட், அதாவது படிப்பை அளக்கிற புள்ளி. அதில் 60 நாம் உள்ளே எடுக்கிற பயிற்சிக்காகக் கிடைக்கிறது. மீதி 60 இக்னோ பாடங்களைப் படித்துப் பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டும். உன் மாமா சொல்வது அந்த முதல் பாதியை மட்டும். இரண்டாம் பாதிக்கு யாரும் வந்து உன்னை எழுப்பிப் படிக்கச் சொல்ல மாட்டார்கள்.

பாடங்கள் பொருளாதாரம், வரலாறு, அரசியல், பொது நிர்வாகம், கணக்கு என்று நிறைய, ஜோதிடம்கூட இருக்கிறது, எங்கள் செக்‌ஷனில் ஒருவன் அதை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிச் சிரிக்க வைத்தான். முதல் வருஷத்தோடு நின்றால் சர்டிஃபிகேட், இரண்டோடு நின்றால் டிப்ளமோ, மூன்றும் முடித்தால் டிகிரி. பத்தாம் வகுப்போடு வருகிறவர்களுக்கு முதலில் என்.ஐ.ஓ.எஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்பு, அப்புறம்தான் இது. உனக்கு அந்தக் கட்டம் வேண்டியதில்லை.

நடப்பு எப்படி என்று கேட்டால், என் கதையைச் சொல்கிறேன். ட்ரெயினிங் சமயத்தில் படிப்பைப் பற்றி நினைக்கவே முடியாது, ராத்திரி படுக்கையில் விழுந்தால் காலை விசில்தான். யூனிட்டுக்கு வந்த பிறகு "அப்புறம் பார்ப்போம்" என்று ஒரு செஷனை விட்டேன். அங்கேயே ஆறு மாதம் போச்சு. இக்னோவில் சேர்க்கை ஜனவரி, ஜூலை என்று இரண்டு தடவை, பரீட்சை ஜூன், டிசம்பர். அசைன்மென்ட் எழுதி அனுப்பாமல் பரீட்சைக்கு உட்கார முடியாது. ஒரு டிசம்பரில் எனக்கு டியூட்டி மாறி இரண்டு பேப்பர் எழுதவே முடியவில்லை, அதை அடுத்த ஜூனில் எழுதினேன். மூன்று வருஷப் படிப்பு, நாலு வருஷ சர்வீஸ், அதில் முதல் ஏழெட்டு மாதம் ட்ரெயினிங் தின்றுவிடும். மீதியில் ஒரு செஷன் தவறினால் டிகிரி இல்லாமலே வெளியே வருவாய். என் பேட்ச்சில் பாதிப் பேர் இன்னும் பதியவே இல்லை, மாலையில் வாலிபால், ராத்திரி ஃபோன். நானும் அப்படித்தான் இருந்தேன், ஒரு கல்விப் பிரிவு ஹவில்தார் பிடித்து உட்கார வைத்தார்.

நான் ஆங்கிலத்தில் எழுதுகிறேன். உன் ஆங்கிலம் எப்படி?

திங்கள்சந்தை டீச்சர்

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் காமர்ஸ் எடுக்கிறேன், பட்டாளத்தைப் பற்றி வீட்டிலிருந்து தெரிந்ததும் பிள்ளைகளுக்காகத் தேடித் தெரிந்ததும்தான். தம்பியின் கேள்வியிலேயே ஒரு சின்னத் தவறு இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. "கல்லூரியா, பட்டாளமா" என்று இந்த வாரம் முடிவு செய்ய வேண்டியதே இல்லை. ராணுவ அக்னிவீர் விண்ணப்பம் இந்த வருஷம் (2025) மார்ச்சில் திறந்து ஏப்ரலில் மூடிவிட்டார்கள், நீ அப்போது பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே ஜெனரல் டூட்டிக்குப் போட்டிருக்கலாம், யாரும் சொல்லித் தரவில்லை, அதில் என்னைப் போன்ற வாத்தியார்களுக்கும் பங்குண்டு. இனி அடுத்த அறிவிப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் ஆன்லைன் பரீட்சை, ரேலி (ஓட்டமும் உடல் தேர்வும் நடக்கிற ஆள்சேர்ப்பு முகாம்), மெடிக்கல், மெரிட் லிஸ்ட் என்று மாதக்கணக்கில் போகும். அத்தனை நாளும் வீட்டில் சும்மா இருக்கப் போகிறாயா?

ஃபீஸைக் கட்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 வரும், கல்லூரி அலுவலகத்தில் கேள், கூச்சப்படாதே. சேர்ந்த முதல் நாளே என்.சி.சி-யில் (தேசிய மாணவர் படை) பெயர் கொடு. அக்னிவீர் தேர்வில் என்.சி.சி சான்றிதழுக்குத் தனி மதிப்பெண் இருக்கிறது. இன்னொன்று, மூன்று வருஷம் இருந்து சி சர்டிஃபிகேட்டில் பி கிரேடாவது எடுத்து, டிகிரியில் 50 சதவீதம் வைத்திருந்தால் என்.சி.சி சிறப்பு நுழைவு வழியாக எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி என்கிற அதிகாரித் தேர்வு நேர்காணலுக்குப் போகலாம். அது அதிகாரி வேலை. நம் ஊரில் பட்டாளம் என்றாலே சிப்பாய் என்றுதான் பேச்சு, ஏன் என்றே எனக்குப் புரியவில்லை.

என்.டி.ஏ, அதாவது அதிகாரிகளை உருவாக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதினாறரை முதல் பத்தொன்பதரை வயதுக்குள், யு.பி.எஸ்.சி வருஷத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. ராணுவப் பிரிவுக்கு எந்த குரூப்பில் பிளஸ் டூ முடித்திருந்தாலும் போதும், காமர்ஸும் சரிதான். படிப்பு, தங்குமிடம் அரசுச் செலவு, டெல்லி ஜே.என்.யு பல்கலைக்கழகப் பட்டம். கணக்குப் பேப்பர் கஷ்டம், அதை மறைக்கவில்லை. எழுதிப் பார்த்தால் நஷ்டம் என்ன?

அப்புறம் ஒன்று, ஒரிஜினல் மார்க் ஷீட்டை கல்லூரியில் ஒப்படைக்காதே. ரேலிக்கு ஒரிஜினல் கேட்பார்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் யு.ஜி.சி விதி, ஆனால் சில இடங்களில் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு "ஹெச்.ஓ.டி லீவு" என்பார்கள். என் மாணவன் ஒருவன் ரேலிக்கு முந்தின நாள் அழுதுகொண்டு நின்றான்.

கேட்க மறந்துவிட்டேன், பிளஸ் டூ ஆங்கிலத்தில் எத்தனை, அக்கவுண்டன்சியில் எத்தனை?

குலசேகரத்துக்காரன்

அக்கவுண்டன்சி 81 டீச்சர். ஆங்கிலம் 47. வெட்கமாக இருக்கிறது. விண்ணப்பம் மூடிவிட்டது என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும், மாமாவுக்கும் தெரியாது.

திங்கள்சந்தை டீச்சர்

வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் தெரிந்துகொள். காமர்ஸ் பையன்களுக்குப் பொருத்தமான பிரிவு கிளார்க், ஸ்டோர் கீப்பர். அதற்குப் பிளஸ் டூவில் மொத்தம் 60 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 50-ம் வேண்டும், அதிலும் ஆங்கிலமும் கணக்குப்பதிவியலும் கட்டாயம். உனக்கு மொத்தம் 73 சதவீதம், அக்கவுண்டன்சி 81, எல்லாம் இருந்தும் மூன்று மார்க்கில் அந்தக் கதவு மூடுகிறது. ஜெனரல் டூட்டிக்குப் பத்தாம் வகுப்பில் 45 சதவீதமும் பாடத்துக்கு 33-ம் போதும், அதில் நீ தாராளமாக வருகிறாய்.

இதைப் படிக்கிற பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் யாராவது இருந்தால் ஆங்கிலத்தை "பாஸானா போதும்" என்று விடாதீர்கள்.

பட்டாளத்து வீட்டுக்காரி

எல்லோரும் கிரெடிட், சதவீதம் என்று பேசுகிறீர்கள். என் வீட்டுக்காரர் 2014ல் சேர்ந்தவர், பழைய முறை. எங்கள் பிள்ளைக்குப் படிப்புப் பணம் வருகிறது, ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்கிறார்கள், கேண்டீனில் சாமான் வாங்குகிறோம், இதெல்லாம் சேர்த்துத்தான் ஒரு குடும்பம் பத்து வருஷம் தனியாகக் கிடப்பதற்கான ஈடு. அக்னிவீரில் போகிற பையனுக்கு அந்த ஈடு கிடையாது, ஆபத்து மட்டும் அதே ஆபத்து. 48 லட்சம் இன்சூரன்ஸ் உண்டு என்கிறார்கள், உண்டுதான். எந்த அம்மாவாவது அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பாளா?

தம்பி, அப்பாவின் கஷ்டம் புரிகிறது. ஆனால் வீட்டுச் சுமைக்காக அவசரப்பட்டுப் போகாதே. உனக்கே ஆசை இருக்கிறதா என்று நீ ஒரு வரிகூட எழுதவில்லை, கவனித்தாயா?

மார்த்தாண்டம் 2023

அக்கா சொல்வதில் பாதி ஒப்புக்கொள்கிறேன், பாதி இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு வருஷக் கடன் என் சம்பளத்தில்தான் அடைந்தது. நான் டிகிரி முடித்துவிட்டு நாகர்கோவிலில் ஜவுளிக்கடையில் நின்றிருந்தால் அடைந்திருக்காது. ஆபத்து இருக்கிறது, வருஷத்துக்கு 30 நாள்தான் லீவு, நாலு வருஷத்துக்குக் கல்யாணம் என்ற பேச்சே கிடையாது (எங்கள் அம்மாவுக்கு இதுதான் பெரிய குறை). ஆனால் என்னை யாரும் ஏமாற்றிக் கூட்டிப் போகவில்லை, எல்லாம் முதலிலேயே பேப்பரில் எழுதியிருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டவன்தான் இப்போது புலம்புகிறான்.

வெளியே வந்த பிறகு என்ன என்று தம்பி கேட்டான். சி.ஆர்.பி.எஃப், பி.எஸ்.எஃப் போன்ற மத்தியப் படைகளிலும் அசாம் ரைஃபிள்ஸிலும் முன்னாள் அக்னிவீர்களுக்குக் குறைந்தது 10 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, வயதிலும் 3 வருஷத் தளர்வு, முதல் பேட்ச்சுக்கு மட்டும் 5. கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல் படை), பாதுகாப்புத் துறையின் சிவில் வேலைகள், அதன் பொதுத்துறை நிறுவனங்களிலும் 10 சதவீதம். ஆனால் ராணுவத்தின் முதல் பேட்ச் 2023 ஜனவரியில்தான் ட்ரெயினிங் தொடங்கியது, அவர்களே இன்னும் வெளியே வரவில்லை. யார் எங்கே போய் உட்கார்ந்தார்கள் என்று காட்ட இன்றைக்கு ஒரு ஆள் கிடையாது. அதனால்தான் டிகிரியைப் பிடித்துத் தொங்குகிறேன். 23 வயதுக்குள் பட்டம் கையில் இருந்தால் சி.டி.எஸ் என்கிற அதிகாரித் தேர்வு எழுதலாம், ஐ.எம்.ஏ பயிற்சி அகாடமிக்கு 24 வயது வரை, ஓ.டி.ஏ அகாடமிக்கு 25 வரை. மத்தியப் படைகளில் எஸ்.ஐ வேலைக்கும் டிகிரி வேண்டும். பட்டம் இல்லாமல் வந்தால் கான்ஸ்டபிள் வரிசை, குரூப் 4, அப்புறம் செக்யூரிட்டி வேலை.

முட்டம் கடற்கரை

எல்லாரும் தரையிலேயே நிற்கிறீர்களே. கோஸ்ட் கார்டு நாவிக் (மாலுமி) வேலை அக்னிபத்துக்குள் வராது, நாலு வருஷக் கெடு இல்லை. டொமஸ்டிக் பிராஞ்சுக்கு (சமையல், பரிமாறல் பிரிவு) பத்தாம் வகுப்பு போதும், வயது 18 முதல் 22. ஜெனரல் டூட்டிக்குப் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் வேண்டும், அது குலசேகரத்துத் தம்பிக்கு ஆகாது. ஓட்டம் 1.6 கிலோமீட்டர் 7 நிமிஷம், 20 உட்கார்ந்து எழும்புதல், 10 புஷ் அப். ராணுவத்தைவிட உடம்புக்கு லேசு, பரீட்சைதான் போட்டி. ட்ரெயினிங் ஒடிசாவில் ஐ.என்.எஸ் சில்காவில், நேவி அக்னிவீர்களும் அங்கேதான்.

கடற்கரைப் பிள்ளைகள் படிக்கிறீர்கள் என்றால், கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மீனவ இளைஞர்களுக்கு நேவி, கோஸ்ட் கார்டில் சேர 90 நாள் இலவசப் பயிற்சி நடத்துகிறது, நம் மாவட்டத்திலும் உண்டு. மரைன் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால் விண்ணப்பம் தருவார்கள். எங்கள் ஊரில் போலீஸ் ஸ்டேஷன் படியேறக் கூச்சப்பட்டே பல பேர் அதை விட்டார்கள்.

குலசேகரத்துக்காரன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா கேட்டதற்குப் பதில் சொல்ல இரண்டு நாள் யோசித்தேன். ஆசை இருக்கிறது. சின்ன வயதில் எங்கள் ஊருக்கு லீவில் வருகிற ஒரு அண்ணன் காலையில் மலை ரோட்டில் ஓடுவதைப் பார்த்து நானும் பின்னால் ஓடுவேன். வீட்டுக் கஷ்டம் அதற்கு மேலே வந்து சேர்ந்தது.

இன்னொரு விஷயம், எழுதலாமா என்று தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். மெடிக்கலில் தள்ளாமல் பார்த்துக்கொள்வாராம், பாதி முன்பணம், பாதி ஆர்டர் வந்த பிறகு. அப்பா இருக்கிற ஒரு பசுவை விற்கலாம் என்கிறார்.

தக்கலை ஹவில்தார்

பசுவை விற்காதே! அந்த ஆளிடம் ஒரு ரூபாய் கொடுக்காதே. லேய், இது எப்படி நடக்கும் தெரியுமா, இவன் இருபது பேரிடம் முன்பணம் வாங்குவான், ஒன்றுமே செய்ய மாட்டான். இருபதில் நாலு பேர் தானாகப் பாஸாவார்கள், அவர்களிடம் "நான்தான் பார்த்துக்கொண்டேன்" என்று மீதியையும் வாங்குவான். மற்றவர்களுக்குப் பாதியைத் திருப்பிக் கொடுத்து நல்லவன் ஆகிவிடுவான். 24 வருஷத்தில் எத்தனை பார்த்திருக்கிறேன். முதல் கட்டப் பரீட்சை கம்ப்யூட்டரில், ஓட்டத்துக்குக் காலம் குறிக்கிறார்கள், மெடிக்கலில் தள்ளினால் மறுபரிசோதனை கேட்க உனக்கே உரிமை உண்டு. இவன் எங்கே புகுந்து என்ன செய்வான்? விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாய், பட்டாளத்துக்கு நீ கட்ட வேண்டிய காசு அவ்வளவுதான்.

மாமாவிடம் நான் பேச வேண்டுமென்றால் தனிச் செய்தியில் எழுது. நான் பேசுகிறேன்.

மார்த்தாண்டம் 2023

ஹவில்தார் சார் சொன்னதற்கு மேல் ஒன்றும் இல்லை. மெடிக்கல் பயம் இருந்தால் அந்தக் காசில் நூறில் ஒரு பங்கைச் செலவழித்து இப்போதே காது அழுக்கு, பல், கண், தட்டைப் பாதம், முட்டி இடிக்கிறதா எல்லாம் ஒரு டாக்டரிடம் பார்த்துக்கொள். பெரும்பாலும் இதில்தான் தள்ளுவார்கள். டாட்டூ குத்திவிடாதே.

பரீட்சை ஒரு மணி நேரம், 50 கேள்வி, 100 மார்க், தப்புக்குக் கால் பங்கு கழியும். 2025 முதல் தமிழிலும் எழுதலாம், அது எங்களுக்குக் கிடைக்காத பாக்கியம். நம் மாவட்டம் திருச்சி ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குக் கீழே வரும், விண்ணப்பத்தில் அதைச் சரியாகப் பார். ஓட்டம் 1.6 கிலோமீட்டரை 5 நிமிஷம் 30 விநாடிக்குள் முடித்தால் 60 மார்க், பீம், அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுப்பது, 10 எடுத்தால் 40. ஒன்பதடிப் பள்ளம் தாண்டுவதும் ஜிக்ஜாக் கட்டையில் விழாமல் நடப்பதும் பாஸானால் போதும். ஓட்டத்தில் ஐந்து விநாடி தாமதித்தால்கூட மெரிட்டில் எங்கேயோ போய்விடுவாய், அதனால் தினம் மலை ரோட்டில் ஓடுவது போதாது, அளந்த கிரவுண்டில் நேரம் வைத்து ஓடு. ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் ஓடிப் பழகியவனுக்கு மூச்சு நிற்கும், ஆனால் வேகம் வேறு.

நான் அடுத்த ஞாயிறு வரை ஊரில் இருக்கிறேன். மார்த்தாண்டம் பக்கம் வர முடிந்தால் காலை ஐந்தரைக்கு வா, நேரம் வைத்துப் பார்ப்போம். இக்னோ பாடப் புத்தகங்களையும் காட்டுகிறேன், அந்த ஆங்கிலம் உனக்கு ஓடுமா என்று நீயே பார்த்துக்கொள்ளலாம்.

குலசேகரத்துக்காரன்

வருகிறேன் அண்ணா, முதல் பஸ்ஸில் வந்தால் ஆறு மணி ஆகும், பரவாயில்லையா? ஃபீஸ் இன்றைக்குக் கட்டியாச்சு. மார்க் ஷீட்டை டீச்சர் சொன்னபடி கேட்டுத் திரும்ப வாங்கினேன், கிளார்க் முறைத்தார். என்.சி.சி பெயர் கொடுப்பது அடுத்த மாதமாம். மாமா இரண்டு நாளாக எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, ஹவில்தார் சார் என்ன பேசினீர்கள் என்று தெரியவில்லை.

அம்மா இரண்டு கேள்வி கேட்கச் சொன்னார்கள். ட்ரெயினிங்கில் ஃபோன் தருவார்களா? மீனும் மரச்சீனிக் கிழங்கும் கிடைக்குமா?

மார்த்தாண்டம் 2023

ஆறு மணி சரிதான். எங்களுக்கு ட்ரெயினிங்கில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஃபோன் தந்தார்கள், அதுவும் கொஞ்ச நேரம், அதற்குள் அம்மா அழுது முடித்துவிட வேண்டும். மீன் எப்போதாவது. மரச்சீனியைப் பற்றிக் கேட்காதே, நான் லீவுக்கு வந்து இறங்கினதும் முதலில் தின்றது அதைத்தான்.